‘தெரியல மாமா’: என்ன வேண்டும் என்றே தெரியாதபோது இலக்கு வைப்பது எப்படி?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் காலையில் அக்கா மகன் என் கடைக்கு வந்தான். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை இருக்கிறது. ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான். அடையாள அட்டை நகல், கோயில் திருவிழா நோட்டீஸ், வேலை விண்ணப்பம், அரசாங்க உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. பதிவு எல்லாம் இங்கேதான் நடக்கும். பையன் கணினி முன் உட்கார்ந்தான். எந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள் நின்றன. பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டமும் நிரம்பவில்லை.

“என்னடா ஆச்சு?”

“தெரியல மாமா.”

“எது தெரியல, பாஸ்வேர்டா?”

“எனக்கு என்ன வேணும்னே தெரியல.”

இந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் மட்டும் சொல்வதுமில்லை. தோட்ட வேலையை விட்டுக் கிள்ளானில் தொழிற்சாலைக்குப் போய், முதுகு வலியோடு திரும்பி வந்த நாற்பத்தைந்து வயது அண்ணன் ஒருவர் வேலை விண்ணப்பம் டைப் செய்யச் சொன்னார். எந்த வேலைக்கு அண்ணே என்று கேட்டால், “நீயே ஏதாவது போடு தம்பி” என்றார். எனக்கே முப்பது வயதுவரை தெரியாது. ஆகவே, இலக்கு வைப்பதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் எதை இலக்காக வைப்பது என்று முழிப்பவர்களுக்கும் எனக்குப் புரிந்த அளவில் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் ‘தெரியல’ என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். எல்லாருடைய ‘தெரியல’யும் ஒன்றில்லை. சிலருக்கு நிஜமாகவே தெரியாது, ஏனென்றால் எதையும் பார்த்ததில்லை. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த வேலைகளை விரல்விட்டு எண்ணலாம்: டீச்சர், கிராணி, டிரைவர், போலீஸ், நர்ஸ், டாக்டர், வக்கீல். தரைக்கு அடியில் கேபிள் பழுது பார்க்கிறவர், மருத்துவமனை லேப்பில் ரத்தம் சோதிக்கிறவர், பாமாயில் ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவர் என்றெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே அதற்குத் தெரியாது. பார்க்காத பண்டத்துக்கு ஆசை எப்படி வரும்?

வேறு சிலருக்குத் தெரியும், சொல்லப் பயம். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். இன்னும் சிலருக்கு ஆசை ஐந்தாறு. ஒன்றைப் பிடித்தால் மற்றவை கைநழுவும் என்று எதையும் பிடிப்பதில்லை. கடைசியாக ஒரு வகை உண்டு. எதிலுமே பிடிப்பில்லை, முன்பு பிடித்ததும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் சரியில்லை, இப்படியே வாரக்கணக்கில் போகிறது என்றால் அது இலக்குப் பிரச்சினையே இல்லை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் போய் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் அங்கே பார்ப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் நோட்டுப் புத்தகத்தில் இலக்கு எழுதிப் பயனில்லை.

சரி, இலக்கு என்றால் என்ன? இன்று நான் இருக்கும் இடம் ஒன்று, போக நினைக்கும் இடம் இன்னொன்று. அந்த இன்னொன்றுக்கு ஊன்றும் கொம்புதான் இலக்கு. தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாம்களுக்குப் போனவர்களுக்கு, ஐந்து ஆங்கில எழுத்துக்கு ஐந்து நிபந்தனை வைக்கும் ‘ஸ்மார்ட்’ (SMART) இலக்கு என்ற பாடம் ஞாபகம் இருக்கும்: குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், தேதி இருக்க வேண்டும் என்று. அந்தப் பாடம் எங்கே பிறந்தது என்று முகாமில் யாரும் சொல்வதில்லை. 1981இல் ஜார்ஜ் டோரன் என்பவர் ஒரு மேலாண்மை இதழில் எழுதியது அது. கம்பெனி மேலாளர்களுக்காக எழுதினார். இப்போது ‘ஏ’ என்ற எழுத்துக்கு ‘அடையக்கூடியது’ என்று விளக்கம் சொல்கிறார்களே, அவர் எழுதியபோது அதற்கு ‘ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடியது’ என்று பொருள். கம்பெனிக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகம் வராது. இத்தனை டன் பழம், இத்தனை பீப்பாய் எண்ணெய், முடிந்தது கதை. என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குச் செய்த கருவி அது. தெரியாதவன் கையில் கொடுத்தால் அவன் பொய் இலக்கு எழுதுவான். முகாமில் என் முன்னால் ‘டாக்டர் ஆவேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும்.

அதற்காகக் குறிப்பான இலக்கே தப்பு என்று சொல்லவில்லை. எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். லேத்தம் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் ஊருக்கு நன்றாகப் புரியும். அமெரிக்காவில் மரக்கட்டை ஏற்றும் லாரி டிரைவர்கள், சட்டம் அனுமதிக்கும் பாரத்தில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ‘முடிந்தவரை ஏற்றுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. ‘94 சதவீதம்’ என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் 90ஐ ஒட்டி வந்துவிட்டது. பாமாயில் தரும் செம்பனையின் குலை ஏற்றிப் போகும் லாரியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எடைமேடையில் எண் தெரிந்தால் கை தானாக நிதானிக்கும்.

ஆனால் அந்த டிரைவர்களுக்கு லாரி ஓட்டத் தெரியும், கட்டை அடுக்கத் தெரியும். வேலை புதிது, சிக்கலானது, வழியே தெரியவில்லை என்றால் இதே மாதிரி எண்ணைக் கொடுப்பது உதவுவதில்லை, சில சமயம் கெடுக்கவும் செய்கிறது. இதையும் லேத்தமும் அவரோடு வேலை செய்தவர்களும்தான் கண்டார்கள். அந்த நிலையில் வேலை செய்வது வேறு வகை இலக்கு: ‘இவ்வளவு சாதிப்பேன்’ என்பதற்குப் பதில் ‘இதைச் செய்ய இத்தனை வழி கண்டுபிடிப்பேன்’ என்பது. நான் இதை அறியும் இலக்கு என்று சொல்வேன். மற்றதை அடையும் இலக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று தெரியாதவனுக்கு வாழ்க்கையே புதிய, சிக்கலான வேலை. அவனுக்குத் தேவை அறியும் இலக்கு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது ஆராய்ச்சி இல்லை, அம்மாவின் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும் புகழ் செம்பனையால் வந்தது. 1917இல் ஆன்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கேதான். என் அம்மா எழுபதுகளில் இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக்குப் பூத்தூள் அடிக்கும் வேலை செய்தார். அப்போதெல்லாம் செம்பனையில் காய் பிடிப்பது குறைவு. ஆண் பூவின் தூளை டால்க் பவுடரில் கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊத வேண்டும். எந்தப் பூ பக்குவமாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சூட்சுமம். பக்குவமான பூ வெளிர் மஞ்சளாக இருக்கும், பக்கத்தில் போனால் சோம்பு வாசம் அடிக்கும். சிவந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது. முள் மட்டைகளுக்கு நடுவே மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தே அம்மா சொல்லிவிடுவார்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசி மணி அளவுகூட இராது. அது பூவுக்குப் பூ பறந்து தூளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓரிரு வருடத்தில் கையால் தூள் அடிக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. அம்மாவுக்கு மூக்கில்தான் வேலை இருந்தது. வண்டின் மூக்கு அதைவிட நல்ல மூக்கு.

அப்புறம் அம்மாவை நாற்று மேட்டுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் என் பாடம் இருக்கிறது. செம்பனையை ஒரு தடவை வயலில் நட்டால் கிட்டத்தட்ட 25 வருடம் அங்கேயே நிற்கும். குலை வெட்டவே இரண்டரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே யாரும் விதையை நேரே கொண்டுபோய் வயலில் ஊன்றுவதில்லை. சின்னப் பையில் மூன்று மாதம், பெரிய பையில் மாற்றி மேலும் எட்டு ஒன்பது மாதம், ஆக ஒரு வருடத்தை ஒட்டி நாற்று மேட்டிலேயே வைத்திருப்பார்கள். நடுவில் சில தடவை கழித்துக்கட்டுதல் நடக்கும். புல்லு மாதிரி ஒல்லியாக இலை விடுவது, தலை தட்டையாகப் போனது, மற்றதை விடக் குள்ளமாகத் தேங்கியது என்று பார்த்துப் பார்த்துத் தூக்கிப் போடுவார்கள். அதில் அம்மா கெட்டிக்காரர். பூவைப் பார்த்த கண் நாற்றைப் பார்த்தது, அவ்வளவுதான். கழிக்கும் கன்றைப் பார்த்து அம்மா வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. “இப்ப ரெண்டு வெள்ளி நட்டம், அங்க போய் நட்டா இருபத்தஞ்சு வருசம் நட்டம்” என்பார்.

இலக்கு விஷயத்தில் நாம் செய்வது நேர்மாறு. விதையை வாங்கிய கையோடு வயலில் ஊன்றிவிட்டு, அது மலடாக நிற்கிறதே என்று இருபது வருடம் அழுகிறோம். என்ன வேண்டும் என்று தெரியாதவனுக்கு நாற்று மேடு தேவை. அதாவது சின்னச் செலவில், குறுகிய காலத்தில், தப்பினால் தூக்கிப் போடக்கூடிய சோதனைகள். ஒரு சோதனையைத் தூக்கிப் போட்டாலும் அது தோல்விக் கணக்கில் சேராது. கழித்துக்கட்டுவதும் மேட்டு வேலையில் சேர்ந்ததுதானே.

இனி அக்கா மகனோடு செய்ததைச் சொல்கிறேன். போட்டோஸ்டேட் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவன் வயதில் ‘ஃபுட்பால்’ என்ற ஒரு பதில்தான் உண்டு. மூன்று வேறு கேள்விகள் கேட்டேன். போன மாதம் எந்த வேலையில் நேரம் போனதே தெரியாமல் இருந்தாய்? யாரைப் பார்த்துக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் பட்டாய்? எது உறுதியாக வேண்டவே வேண்டாம்?

முதல் கேள்விக்கு, பக்கத்து வீட்டு அங்கிளின் பழைய மின்விசிறியைப் பிரித்து ஓடவைத்த கதை வந்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் நெளிந்தான். பிறகு, கூடப் படித்த ஒரு பையன் ஏர்கோன் பொருத்தப் போகிறான், வேன் ஓட்டுகிறான், தினம் ஒரு வீடு பார்க்கிறான் என்றான். பொறாமை நல்ல உளவாளி. நம்மிடமே நாம் மறைப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைத் துருவிக் கேட்க வேண்டும். வேன் மேல் ஆசையா, ஏர்கோன் மேல் ஆசையா, தினம் ஒரு புது இடம் என்பதில் ஆசையா? “ஒரே எடத்துல ஒக்காந்திருக்க மாட்டான் மாமா” என்றான். சரி, அதுதான். மூன்றாவது கேள்விக்குப் பதில் உடனே வந்தது: ஷிஃப்டு வேண்டாம். அவன் அப்பா பத்து வருடமாக ராத்திரி ஷிஃப்டு. பகலில் வீட்டில் சத்தம் போடாமல் வளர்ந்தவன் அவன்.

‘வேண்டாம்’ பட்டியல் சுலபமாக வரும், ஆனால் அதையே இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. ‘ஷிஃப்டு வேண்டாம்’ என்பதை வைத்து எந்தப் பக்கம் நடப்பது? அதைப் புரட்டிப் போட வேண்டும். ‘ராத்திரி வீட்டில் இருக்கும் வேலை’ என்று புரட்டினால் தேட முடியும். ‘கடன் வேண்டாம்’ என்பதை ‘மூன்று மாதச் செலவு கையிருப்பு’ என்று புரட்டினால் எண்ண முடியும்.

கடைசியில் தாளில் இருந்தது இது: ‘நாலு சனிக்கிழமை ஏர்கோன் அண்ணனோடு போவேன். போய்வந்த ராத்திரியே பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எழுதுவேன். நாலாவது வாரம் மாமாவிடம் காட்டுவேன்.’

இதைப் பாருங்கள். டோரன் சொன்ன தேதியும் அளவும் இதிலும் உண்டு. ஆனால் ஏர்கோன் மெக்கானிக் ஆவேன் என்ற சபதம் எங்கேயும் இல்லை. நாலு வாரம் கழித்து ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று வந்து நின்றாலும் இலக்கு நிறைவேறியதாகத்தான் கணக்கு. ஓர் அறியும் இலக்குக்கு ஒரு கேள்வி, ஒரு செயல், ஒரு முடிவுத் தேதி இருந்தால் போதும். கேள்வி இல்லாமல் போனால் அது சும்மா சுற்றுவது, தேதி இல்லாவிட்டால் அது தள்ளிப்போடுவதற்கு ஒரு நல்ல பெயர். நான் முப்பது வயதுவரை செய்தது இரண்டாவது.

செயல் என்பது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அந்த வேலையை ஐந்து வருடமாகச் செய்கிற ஒருவரைப் பிடித்து ஒரு தே தாரே (ஆற்றிய டீ) வாங்கிக் கொடுத்து, ‘போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பதே ஒரு சோதனை. ‘வேலை எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவாயில்ல’ என்பார். செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் உண்மை வரும். நர்ஸ் வேலையில் பாதி எழுத்து வேலை என்று அப்படிக் கேட்டுத்தான் ஒரு தங்கச்சிக்குத் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, அது வேறு கதை. சமூகக் கல்லூரிகள் நடத்தும் குறுகிய வகுப்புகளும் நல்ல நாற்று மேடுதான். ஒரு நாள், இரண்டு நாளில் முடிகிற தையல், பேக்கரி, வயரிங் வகுப்புகள் சின்னக் கட்டணத்தில் கிடைக்கும்.

வீட்டுக்காரர்களிடம் வருவோம். ‘என்ன ஆகப் போறே?’ என்ற கேள்வி கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்கு முன்னால் வந்துவிடும். பதில் இல்லை என்றால் கேட்டவரே ஒரு பதிலைக் கொடுத்துவிட்டுப் போவார். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல், இளைஞர்கள் தங்களைத் தாங்களே அடையாளம் காணும் நிலைகளை நாலாகப் பிரித்தார். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்பது ஒன்று. தேடிக்கொண்டிருக்கிறான், இன்னும் முடிவில்லை என்பது ஒன்று. தேடி முடிவுக்கு வந்தது ஒன்று. நாலாவது, தேடாமலே முடிவெடுத்தது: அப்பா சொன்னார், அம்மா சொன்னார், சரி என்று தலையாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் கடைசி இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் பிள்ளை தெளிவாகப் பதில் சொல்வான். பந்தியில் பாராட்டு வாங்குகிறவன் பெரும்பாலும் நாலாவது ஆள். திட்டு வாங்குகிறவன் இரண்டாவது ஆள். எனக்கு இரண்டாவது ஆள்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஆனால் அப்பா அம்மாவின் பயத்தையும் தள்ளிவிடக் கூடாது. வீட்டோடு வேலை கொடுத்தது தோட்டம், வேலை போனபோது லயத்து வீட்டையும் சேர்த்துப் பிடுங்கியதும் தோட்டம். அதைப் பார்த்தவர்கள் ‘சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்’ என்ற பேச்சைக் கேட்டால் கலங்கத்தான் செய்வார்கள். அக்காவிடம் நான் ‘அவனுக்குப் பிடித்ததைச் செய்ய விடு’ என்று சொல்லவில்லை. ‘நாலு சனிக்கிழமை கொடு, அடுத்த மாதம் இந்தத் தேதியில் பேசலாம்’ என்றேன். தேதி சொன்னதும் அக்கா முகம் மாறியது. பெற்றவர்களை உறுத்துவது தேடுவது இல்லை, அதற்கு முடிவே இல்லையோ என்பதுதான்.

இன்னொரு பக்கம், எந்த வழியில் போனாலும் வீணாகாத இலக்குகள் சில உண்டு. மனம் தெளிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் இவற்றை அடையும் இலக்காகவே வைத்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 16 வயதிலும் கார் லைசென்ஸ் 17 வயதிலும் எடுக்கலாம். பஸ் எப்போதாவது வரும் ஊரில் லைசென்ஸ் இல்லாதவன் பாதி வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மலாயும் ஆங்கிலமும் கூச்சமில்லாமல் பேசுகிற அளவுக்கு வேண்டும். கைத்தொழில் பக்கம் சாய்கிறவர்களுக்கு எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகள், அதற்கு மேல் நாலாவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா என்று படி இருக்கிறது. ஒரு படியில் நின்று யோசிக்கலாம், இறங்கி வேறு படி ஏறவும் செய்யலாம்.

அப்புறம் காசு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்தச் சம்பளத்தில் உங்கள் பங்காக 187 வெள்ளி ஊழியர் சேமநிதியான கே.டபிள்யூ.எஸ்.பி.க்குப் போகும், முதலாளி 221 வெள்ளி போடுவார். 2024 மே மாதத்திலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். அதை விட்டுவிட்டு, தனியாக மாதம் 100 வெள்ளி ஒதுக்கினால் ஒரு வருடத்தில் 1,200. பெரிய தொகையில்லைதான். ஆனால் பிடிக்காத வேலையை விட்டு ஒரு மாதம் வேறொன்றைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அந்த 1,200இல் இருக்கிறது. கையில் காசில்லாதவனுக்கு நாற்று மேடு கிடையாது, நேரே வயல்தான்.

எழுதி வைத்தது நடக்காமல் போவதுதான் வழக்கம். அதற்கு ஒரு சின்ன உத்தி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது: ‘செய்வேன்’ என்று மட்டும் சொல்லாமல் ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முடிச்சுப் போடுங்கள். 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அது நன்றாகவே உதவியது. அக்கா மகன் தாளில் இரண்டு முடிச்சு: ‘சனிக்கிழமை காலை அலாரம் அடித்தால் முதலில் குளிப்பேன், போனைப் பார்க்க மாட்டேன்.’ ‘ஃபுட்பாலுக்குக் கூப்பிட்டால் ஐந்து மணிக்கு மேல் வருகிறேன் என்று சொல்வேன்.’ இரண்டாவது முடிச்சு அவனே போட்டது. எதிரி எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத்தானே தெரியும்.

வயதானவர்கள் ‘எனக்கு இனிமேல் என்ன மாறப்போகிறது’ என்று கேட்கலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். போன பத்து வருடத்தில் நான் நிறைய மாறிவிட்டேன் என்று எல்லா வயதினரும் சொன்னார்கள். அடுத்த பத்து வருடத்தில் அவ்வளவு மாற மாட்டேன் என்றும் எல்லா வயதினரும் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது. ஆகவே இன்றைய ஆசையை வைத்து இருபது வருடத் திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திசை ஒன்று போதும். அம்மாவுக்கு ‘பூத்தூள் அடிக்கிறவள்’ என்பது வேலையின் பெயர். அந்தப் பெயர் வண்டோடு போயிற்று. பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது பிரிக்கும் கண் போகவில்லை. திசை என்று நான் சொல்வது அந்தக் கண்ணை. ‘கையால் பழுது நீக்குவது’, ‘சின்னப் பிள்ளைகளோடு இருப்பது’, ‘கணக்கு பிசகாமல் பார்ப்பது’ என்கிற மாதிரி. வேலையின் பெயரைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள், இதைப் பேனாவால் எழுதலாம்.

முதுகு வலி அண்ணனோடும் இதே மூன்று கேள்விதான். பாரம் தூக்குவது வேண்டாம் என்றார். கோயில் அன்னதானத்தில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும்போது மட்டும் களைப்பே தெரிவதில்லை என்றார். ‘சாப்பாட்டுக் கடை போடுகிறேன்’ என்று கிளம்பப் பார்த்தவரை உட்கார வைத்து, மூன்று வாரம் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) நண்பர் கடையில் ஒரு ஓரத்தில் வடை மட்டும் போட்டுப் பாருங்கள் என்றேன். சமைப்பது பிடித்தது. காசு வாங்கி மிச்சம் கொடுப்பது, வராத வாடிக்கையாளருக்காக நிற்பது இரண்டும் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக் கேண்டீனில் சமையல்காரராக இருக்கிறார். கடை போட்டிருந்தால் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

முடிவுத் தேதி வந்ததும் தாளைத் திறந்து ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: தொடரலாமா, மாற்றலாமா, கழிக்கலாமா? தொடர்வதென்றால் அடுத்த சோதனை கொஞ்சம் பெரிய பையில். நாலு சனிக்கிழமை நாலு முழு வாரமாகலாம், பிறகு ஆறு மாத வகுப்பாகலாம். வயலில் நடுவது அதற்கு அப்புறம்.

அக்கா மகன் நாலாவது சனிக்கிழமை ராத்திரி கடை மூடும் நேரத்தில் வந்தான். தாள் நாலாக மடிந்து, ஓரத்தில் கிரீஸ் கறையோடு இருந்தது. பிடித்தது என்ற பக்கத்தில்: ‘வயர் எங்க போவுதுன்னு கண்டுபிடிக்கிறது’, ‘அந்தப் பாட்டி தேங்க்ஸ் சொன்னாங்க’, ‘வேன்’, ‘வயர் (மறுபடி)’. பிடிக்காதது என்ற பக்கத்தில்: ‘ஏணி’, ‘ஏணி’, ‘மாடி வீட்டு ஏணி’, ‘வெயில்’.

“அப்ப ஏர்கோன்?”

“ஏர்கோன் வேணாம் மாமா. வயர் பாக்கலாம்.”

யூ.பி.யூ. கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் இருந்தன, கடைசி நாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக்கல் என்று தேடி, பொலிடெக்னிக் பக்கத்தைத் திறந்தான். நான் கடைக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அவனுக்கு ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தேன்.